மாநாட்டுக் கரும்பு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் பிழைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிக் கதை என்றாலே கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிற ஆள் நான். உங்களுக்கும் அந்தச் சிரமம் வேண்டாம். கர்ப்பப்பையை எடுத்து நாலு மாதம் ஆகிறது. மாடிப்படி ஏறுகிறேன், வீட்டுக்காரரைத் திட்டுகிறேன், கோட்டுச்சேரி கடைத்தெருவுக்கு நடந்தே போய் வருகிறேன். தெருவில் இரண்டு பெண்கள் தனித்தனியாக வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, "எப்புடிக்கா தெரிஞ்சுது? வலிக்குமா?" என்று ரகசியமாகக் கேட்டுவிட்டுப் போனார்கள். அவர்களுக்குச் சொன்னதை எல்லோருக்கும் சொல்லலாமே என்றுதான் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, நோயைப் பற்றிச் சொல்ல என்னிடம் கொஞ்சம்தான் இருக்கிறது. மிச்சமெல்லாம் என் மகளைப் பற்றி.

என் பெயர் கஸ்தூரி. முப்பத்திரண்டு வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வீட்டுக்காரர் மின்துறையில் லைன்மேனாக இருந்தவர். மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலம் இருக்கிறது, நெல் போடுகிறோம். ஒரே மகள் நித்யா. மயக்க மருந்து டாக்டர், இங்கிலாந்தில் இருக்கிறாள். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தியேட்டரில் எல்லாமே துணி. டாக்டர் போடுகிற கவுன், நோயாளியைப் போர்த்துகிற விரிப்பு எல்லாம் பச்சைத்துணி. துவைத்துக் காயவைத்து, மடித்து, ஓட்டை போட்ட எவர்சில்வர் டிரம்மில் அடுக்கி, நீராவியில் வேகவைத்து எடுப்போம். அப்புறம் ஒரு தடவை போட்டுத் தூக்கி எறிகிறவை வந்தன. நான் ஒன்றும் பழம்பெருமை பேசவில்லை. துணி நனைந்தால் கிருமி ஏறும். சில ஆபரேஷனுக்கு அந்தப் புதுக் கவுன்தான் நல்லது. ஆனால் ஒரு பாக்கெட் தேவைப்படுகிற இடத்தில் நாலைக் கிழித்து வைத்துக்கொண்டு, மூன்றைத் தொடாமலே குப்பையில் போடுகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். புதிதாக வருகிற பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்: "தேவைப்படுமோன்னு திறக்காத. தேவைப்பட்டா திற." வீட்டில் பிஸ்கட் பாக்கெட்டுக்கும் அதே சட்டம்தான். நித்யா அதைக் கேட்டே வளர்ந்தவள்.

அவள் வருடத்துக்கு ஒரு தடவை வருவாள். தை மாதம் சென்னையில் மயக்க மருந்து டாக்டர்களின் மாநாடு. மூன்று நாள் மாநாடு, அதைத் தொட்டாற்போல எனக்கு நாலு நாள். மாநாட்டுக்கென்றால் அவளுடைய ஆஸ்பத்திரியே லீவும் கொடுத்து டிக்கெட்டும் போட்டுவிடும். சொந்த லீவெல்லாம் பிள்ளைகளின் பள்ளிக்கூட விடுமுறையோடு போய்விடும். ஆகவே எனக்கு மகள் கிடைப்பது மாநாட்டின் தயவில்தான். பொங்கலுக்குப் பத்து நாள் கழித்துத்தான் வருவாள் என்பதால், அவளுக்கென்று ஒரு ஜோடி கரும்பைத் தோகையோடு கொல்லைப்புற மூலையில், வேரில் ஈரச்சாக்கைச் சுற்றி நிறுத்திவைப்போம். தெருவில் அதற்கு மாநாட்டுக் கரும்பு என்றே பேர். வருவாள், கொல்லைப்படியில் உட்கார்ந்து பல்லாலேயே பட்டையை உரித்துத் தின்பாள். பெரிய டாக்டராம். மோவாயெல்லாம் வழியும்.

வரும்போதெல்லாம் மாநாட்டில் கொடுத்த பையையும் கொண்டுவருவாள். ஒவ்வொரு வருடமும் ஒரு பை, ஒவ்வொன்றிலும் கொட்டை எழுத்தில் மாநாட்டின் பெயர். அதில்தான் எங்கள் வீட்டுக்காரர் ரேஷன் அரிசி வாங்கப் போவார். ரேஷன்கடைக்காரர், "என்ன சார், இன்னைக்கு எந்த மாநாடு?" என்று கேட்பாராம்.

இரண்டு வருடத்துக்கு முந்தி, மார்கழியில் ஒரு நாள் அவள் போன் செய்தாள்.

"அம்மா, நான் இனிமே மாநாட்டுக்குன்னு ப்ளேன் ஏறுறது இல்லைன்னு முடிவு பண்ணிட்டேன்."

ஏனென்று விளக்கினாள். ஒரு நாள் ஆபரேஷனில் எவ்வளவு குப்பை சேர்கிறது, மயக்கத்துக்குக் கொடுக்கிற சில கேஸ்கள் நோயாளியின் மூச்சோடு வெளியேறி ஆகாயத்தில் தங்கி எப்படிச் சூட்டைப் பிடித்துவைக்கின்றன, இதெல்லாம்தான் அவள் கொஞ்ச காலமாகப் பேசிவருகிற விஷயம். "அதைப் பேசறதுக்கு நானே அவ்ளோ தூரம் பறந்து வந்து, கழுத்துல பிளாஸ்டிக் அட்டையை மாட்டிக்கிட்டு, பாட்டில் தண்ணியைக் குடிச்சிட்டு மைக்கைப் பிடிக்கிறேன். எனக்கே வெக்கமா இருக்கும்மா. இனிமே கம்ப்யூட்டர்லயே பேசிடலாம்னு சொல்லிட்டோம். நெறய பேர் ஒத்துக்கிட்டாங்க."

"ரொம்ப நல்ல காரியம்டி" என்றேன். நிஜமாகவே நல்ல காரியம்தான். நாலு பாக்கெட்டைக் கிழிக்காதே என்று சொல்லி வளர்த்தவள் நான்தானே. இருந்தாலும் என் நாலு நாள் போயிற்றே என்றுதான் மனசு கணக்குப் போட்டது.

அவளுக்கும் புரிந்திருக்க வேண்டும். "உன்னைப் பாக்கன்னா பறப்பேன்ம்மா. நீ கூப்பிடு, வர்றேன்" என்றாள்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பெற்ற தாயைப் பார்க்க வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டுமா? "எனக்காக நீ ஒண்ணும் பறக்க வேணாம். அங்கயே நல்லா இரு" என்று சொல்லிவிட்டேன். அந்தத் தையில் கரும்பு கொல்லையில் நின்று காய்ந்து வைக்கோலானது. அடுத்த தைக்கு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ஜோடி வாங்க நின்ற வீட்டுக்காரரை நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன். "யாருக்கு? பல்லு ஆடுற நமக்கா?"

அந்த இரண்டு பெண்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். மாதவிலக்கு நின்று பத்து வருடமானவள் நான். போன ஐப்பசியில் ஒரு நாள் உள்பாவாடையில் லேசாகக் கறை. ஒரு சொட்டுதான். ஊரில் இதற்குச் சொல்கிற சமாதானமெல்லாம் எனக்கும் தெரியும்: சூடு, அலைச்சல், மாடி ஏறினது. நின்ற பிறகு ஒரு சொட்டு பட்டாலும் டாக்டரிடம் போக வேண்டும் என்று எத்தனையோ பேரை நானே திட்டியிருக்கிறேன். அப்படிப்பட்ட நானே மூன்று வாரம் சும்மா இருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பயம் படித்தவள் படிக்காதவள் பார்ப்பதில்லை.

மூன்றாவது தடவை பட்டதும் போனேன். காரைக்காலில் ஒரு ஆஸ்பத்திரி, பேர் எதற்கு? காத்திருக்கிற இடத்தில் என்னைச் சுற்றி எல்லாம் வயிற்றுப்பிள்ளைக்காரிகள். அவர்களுக்கு நடுவில் தலை நரைத்த நான் ஸ்கேனுக்காக இரண்டு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கர்ப்பப்பையின் உள்சுவர் எனக்கு இந்த வயதில் காகிதம் போல இருக்க வேண்டும், தடித்துப் போயிருந்தது. அதிலிருந்து துளி சதையைச் சுரண்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். அதைத்தான் பயாப்ஸி என்கிறார்கள். முடிவு வர எட்டு நாள். அந்த எட்டு நாளும் வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைத்தே வைத்திருந்தார்.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: "புற்றுநோய்னு வரலை சிஸ்டர். ஆனா உள்சுவர்ல சில செல்லெல்லாம் ஒழுங்கு தப்பி வளருது. விட்டா நாளைக்கு அதுவா மாறலாம். இப்பவே உள்ள எங்கயாவது ஒளிஞ்சிருக்கவும் சான்ஸ் இருக்கு. முழுசா எடுத்துப் பரிசோதிச்சாத்தான் தெரியும். எடுத்துடுவோம்." தை மாதம் பொங்கல் கழிந்த வாரத்துக்கு நாள் குறித்தார். அறுவடையும் முடிந்திருக்கும் என்று வீட்டுக்காரர் தலையாட்டினார்.

வெளியே வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "நித்யாகிட்ட சொல்லிடலாமா?"

"சொன்னீங்கன்னா பாருங்க" என்றேன். "வியாதிக்குப் பயந்து வர்ற மக எனக்கு வேணாம்." அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்தார்.

நான் சொன்னது பொய். எப்படியாவது வந்தால் போதும் என்றுதான் இருந்தது. எலும்பெல்லாம் அவளைக் கேட்டது. ஆனால் கூப்பிடமாட்டேன் என்று நானே போட்டுக்கொண்ட தாழ்ப்பாள். எனக்கே திறக்கத் தெரியவில்லை.

ஆபரேஷனுக்கு முதல் நாள் செவ்வாய்க்கிழமை காலையில் சேர்ந்தேன். இருதய ஓட்டத்தைப் பார்க்கிற ஈ.சி.ஜி., சர்க்கரை, ரத்த வகை என்று வரிசையாக எடுத்தார்கள். மத்தியானம் ஒரு சின்னப் பெண், நர்ஸ், டிரிப்ஸ் ஏற்றுவதற்காக இடதுகை நரம்பில் ஊசியைக் குத்தி, மேலே வெள்ளை பிளாஸ்டர் போட்டு ஒட்டினாள். குத்துவதற்குமுன் இரண்டு இடத்தில் தடவித் தேடினாள். "என் நரம்பு ஓடாது, நிதானமா குத்து" என்றேன். வீட்டுக்காரரிடம் ஒரு சீட்டைக் கொடுத்து மருந்துக்கடைக்கு அனுப்பினார்கள். இரண்டு பெரிய கவர் நிறையக் கவுனும் விரிப்பும் கையுறையுமாகத் தூக்கிக்கொண்டு வந்தார். "இது ஒனக்கு ஒருத்திக்கா, இல்ல ஊருக்கேவா?" என்றார். தியேட்டர் நர்ஸுக்கு நான் சொல்லியனுப்பினேன், எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிரிக்க வேண்டாம் என்று. அவள் என்ன நினைத்துக்கொண்டாளோ, மறுநாள் பிரிக்காத பாக்கெட் நாலைத் திருப்பிக் கொடுத்தாள். அதைக் கடையில் கொடுத்துப் பணம் வாங்கிவந்ததை எங்கள் வீட்டுக்காரர் இன்னமும் சொல்லிச் சிரிக்கிறார்.

பக்கத்துக் கட்டிலில் அஞ்சம்மா. கிளிஞ்சல்மேட்டுக்காரி, மீன் வியாபாரம், குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். சிரித்தால் தையல் இழுக்கும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரிப்பாள். வந்த ஒரு மணி நேரத்தில் என் கதையைப் பாதி கறந்துவிட்டாள்.

"ஒரே பொண்ணு, அதுவும் டாக்டரு. அதுகிட்ட சொல்லாம வந்து படுத்துக்கெடக்கியாக்கா?"

"அதுக்கு ஆயிரம் வேலை."

"கடலுக்குப் போனவனையே போன் போட்டுக் கூப்புடுற காலம் இது. வாடின்னு ஒரு வார்த்த சொன்னா நாக்கு அவிஞ்சா போயிடும்?"

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம்தான் நித்யா போன் செய்தாள். வீட்டில் இருப்பதுபோலப் பேசினேன். வெள்ளிக்கிழமை அவளுக்கு மாநாட்டுப் பேச்சு, கம்ப்யூட்டரில். "நீயும் பாக்கலாம்மா, லிங்க் அனுப்புறேன். முன்னெல்லாம் சென்னை வரைக்கும் வருவேன், நீ ஒரு தடவைகூட என் பேச்சைக் கேட்டதில்லையே" என்றாள். அப்புறம், "அம்மா, ஒரு உதவி. பச்சைத்துணியை மடிப்பியே, விசிறி மாதிரி, அதை மடிச்சு வீடியோ எடுத்து அனுப்பேன். பேச்சுல காட்டணும். கை மட்டும் தெரிஞ்சா போதும்" என்றாள்.

அந்த மடிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். விரிப்பைக் கொசுவம் மாதிரி மாற்றி மாற்றி மடித்து, ஓரத்தை மேலே விட்டுவைப்போம். டாக்டர் அந்த ஓரத்தை மட்டும் பிடித்துத் தூக்கினால் போதும். வேறெங்கும் கை படாமல் துணி தானாக விழுந்து விரியும். படுத்த படுக்கையிலும் எனக்கு அது வரும்.

துணிக்கு எங்கே போவது? கட்டிலின் மேல் ஆஸ்பத்திரிப் போர்வை இருந்தது, அதுவும் பச்சைதான். நான் எழுந்து சம்மணமிட்டு உட்கார்ந்தேன். தியேட்டர் வழக்கப்படி முழங்கைக்குக் கீழே ஒன்றும் இருக்கக் கூடாது. வளையலையும் கடிகாரத்தையும் கழற்றி வீட்டுக்காரரிடம் கொடுத்தேன், ரவிக்கைக் கையை மேலே ஏற்றிக்கொண்டேன். "மூஞ்சியைக் காட்டாதீங்க, கையை மட்டும் புடிங்க" என்றேன். அவர் கரண்டுக் கம்பத்தில் ஏறிய கவனத்தோடு கிட்டத்தில் நின்று எடுத்தார். முதல் தடவையிலேயே மடிப்பு அச்சாக வந்தது. அஞ்சம்மாகூட, "சீலைக்கடையில வேல பாத்தியாக்கா?" என்றாள். அனுப்பிவிட்டோம்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "சூப்பர்ம்மா. உன் கை அப்படியே இருக்கு." அவ்வளவுதான்.

அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அப்புறம்தான் என் இடதுகையைப் பார்த்தேன். புறங்கையில் வெள்ளை பிளாஸ்டர், அதன் நடுவில் ஊசியின் மூடி. வளையல் இருந்திருந்தால் பாதியாவது மறைத்திருக்கும். மடிந்த போர்வையின் மேல் ஓரத்தைப் பார்த்தேன். கறுப்பு மையில் அந்த ஆஸ்பத்திரியின் பேரை அச்சடித்திருந்தார்கள்.

போனை மடியிலேயே வைத்துக்கொண்டு இப்போது கூப்பிடுவாள், இப்போது கூப்பிடுவாள் என்று உட்கார்ந்திருந்தேன். என்ன பொய் சொல்வது என்றும் யோசித்துவைத்தேன். போன் வரவில்லை. நித்யா நாள் முழுக்க நரம்பைத் தேடி ஊசி போடுகிறவள். என் கையில் இருந்த ஊசி அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரியாதது நல்லதுதான் என்று வாயால் சொன்னேன். தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதேன்.

"ஏன்க்கா, ஆபரேஷனுக்குப் பயமா?" என்றாள் அஞ்சம்மா.

"ஆமாம்" என்றேன்.

விடிந்ததும் தலைமுடியை இரண்டாகப் பின்னிக்கொள்ளச் சொன்னார்கள். கையில் டிரிப்ஸ் ஓடியது. வீட்டுக்காரர் சீப்பை எடுத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில் அவர் என் தலையைத் தொட்டுப் பின்னியது அன்றுதான். ஒயர் முறுக்குகிற மாதிரி முறுக்கினார். "வலிக்குதா சிஸ்டரம்மா?" என்றார். வலித்தது. இல்லையென்றேன்.

தியேட்டரில் மல்லாந்து படுத்துப் பார்க்கிறபோது அந்த விளக்கு எவ்வளவு பெரியது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை வருடமும் நான் அதை நின்றபடி துடைத்தவள். எனக்கு முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்கு நேரே முதுகெலும்பு நடுவில் குத்துகிற ஊசி. கொஞ்ச நேரத்தில் மார்புக்குக் கீழே மரத்துவிடும், ஆனால் நினைவு இருக்கும். மயக்க மருந்து டாக்டர் சின்ன வயதுக்காரர், நித்யாவைவிட இளையவர்.

"பயமா இருந்தா சொல்லுங்கம்மா, முழுசா தூங்க வச்சிடுறேன்."

"அந்தக் கேஸெல்லாம் வேணாம் தம்பி. அது ஆகாயத்துல போய் உக்காந்துக்கும்."

அவர் சிரித்துவிட்டார். "ரொம்ப மோசமானதுன்னு சொல்றாங்களே, அந்தக் கேஸ் எங்ககிட்ட இருந்தாத்தானேம்மா. நீங்க கவலைப்படாதீங்க."

அப்புறம் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டுக்கொண்டு என் தலைமாட்டில் உட்கார்ந்து என் வலதுகையைப் பிடித்துக்கொண்டார். மயக்க டாக்டர்களுக்கு மானிட்டரையும் மருந்தையும் பார்க்கவே நேரம் போதாது. அவர் இடையிடையே எழுந்துபோனாலும் திரும்ப வந்து அதே கையைப் பிடித்துக்கொண்டார். இந்தக் காலத்துப் பிள்ளைக்கு இவ்வளவு தன்மையா என்று நினைத்தேன். மார்புக்குக் குறுக்கே கட்டிய திரைக்கு அந்தப்பக்கம், வயிற்றுக்குள் எதுவும் தங்கிவிடாமல் இருக்கப் பஞ்சு எண்ணுகிற குரல் கேட்டது. நானும் கூடவே வாய்க்குள் எண்ணினேன். கடைசியில் டாக்டரம்மா ஒரு பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். மருந்துத் தண்ணீரில் கைப்பிடிச் சதை. இவ்வளவுதானா என்று இருந்தது. நித்யா குடியிருந்த முதல் வீடு அது. அதையும் காலி செய்தாகிவிட்டது என்று நினைத்ததும் கண்ணிலிருந்து காதுக்குள் நீர் வழிந்தது. அந்தத் தம்பி பஞ்சால் துடைத்துவிட்டார்.

வியாழக்கிழமை முழுக்க வலி. இருமினால் வலி, சிரித்தால் வலி. தையலின் மேல் தலையணையை அழுத்திக்கொண்டு இருமு என்று நான் நூறு பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அஞ்சம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவளுடைய வீட்டிலிருந்து வந்த கஞ்சியில் எனக்கும் ஒரு தம்ளர் ஊற்றினாள். நித்யாவிடமிருந்து ஒன்றும் இல்லை. மாநாட்டு வேலையாக இருப்பாள் என்று வீட்டுக்காரர் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் போனைத் தலையணை மேல் சாய்த்துவைத்து லிங்கைத் திறந்தார். கட்டங்கட்டமாக முகங்கள். அஞ்சம்மாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்துவந்து ஓரத்தில் உட்கார்ந்தாள். நித்யா வந்தாள். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. இங்கிலீஷில் பேசினாள், பாதிக்குமேல் எனக்குப் புரிந்தது. ஆபரேஷன் முடிந்த தியேட்டரின் குப்பை மூட்டைகளைக் காட்டினாள். தொடாமலே எறிந்த பாக்கெட்டுகளைத் தனியாகக் குவித்துக் காட்டினாள். துணியை எங்கே திரும்பப் பயன்படுத்தலாம், எங்கே கூடாது என்று சொன்னாள். பிறகு திரையில் ஒரு பச்சைப் போர்வை. இரண்டு கைகள். என் கைகள். பிளாஸ்டரும் இருந்தது, அவள் எதையும் வெட்டவில்லை. "இது என் அம்மா. தேவைப்படுமோ என்று திறக்காதே, தேவைப்பட்டால் திற. இதுதான் எனக்கு அவள் சொன்ன முதல் பாடம்" என்றாள். அத்தனை டாக்டர்களும் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கூச்சத்தில் போர்வைக்குள் கையை இழுத்துக்கொள்ளத் தோன்றியது.

பேச்சு முடிந்ததும் கேள்வி நேரம். நடத்துகிறவர் வந்து ஏதோ சொன்னார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "என்னவாம்? எனக்கு வெளங்கல" என்றார்.

எனக்கு விளங்கியது.

"சொல்லேன்டி."

"இது நேத்தே பதிவு பண்ணி அனுப்பினதாம். கேள்விக்குப் பதில் சொல்ல அவ இல்லையாம்." மூச்சை இழுத்தேன், தையல் இழுத்தது. "அவசரமா ஊருக்குப் போறாளாம். இப்ப ப்ளேன்ல இருக்காளாம்."

அஞ்சம்மா, "அப்புடிப் போடு!" என்று தொடையில் தட்டி, வலியில் "யம்மா" என்று கத்தினாள். பறக்கக் கூடாது என்று மாநாடு நடத்துகிறவள், அந்த மாநாட்டையே விட்டுவிட்டுப் பறந்துகொண்டிருந்தாள். ஆகாயத்துக்கு அது நல்லதில்லைதான். எனக்கு வேண்டியிருந்தது. அதை இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது?

வீட்டுக்காரர் எழுந்து சட்டையை மாட்டினார். சுவரில் தொங்கிய பழைய மாநாட்டுப் பையை எடுத்தார்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"பொங்கல் முடிஞ்சு எட்டு நாளாச்சு. கடைத்தெருவுல எவன்கிட்டயாவது கரும்பு மிச்சமிருக்கான்னு பாத்துட்டு வர்றேன்."

"கரும்பை எப்புடிப் பையில போடுவீங்க?"

"வெட்டிப் போட்டுக்குறேன், போ" என்றார். பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேகமாக வெளியே போனார்.

சனிக்கிழமை காலையில் வந்தாள். கசங்கிய சட்டை, தோளில் ஒரே ஒரு பை. கதவருகே நின்று என்னைப் பார்த்தாள். ஓடிவந்து கட்டிக்கொள்ளப் போனவள், தையல் ஞாபகம் வந்து நின்றுவிட்டாள். நான்தான் கையை நீட்டினேன். அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"மாநாட்டை விட்டுட்டு வந்துட்டியே, வெக்கமா இல்ல ஒனக்கு?"

"நீ கூப்பிட்டியேம்மா."

"நான் எங்கடி கூப்பிட்டேன்?"

அவள் என் இடதுகையைப் பிடித்துத் திருப்பினாள். ஊசியை எடுத்துவிட்டிருந்தார்கள், புறங்கையில் நீலமாகக் கன்றியிருந்தது. அதன் மேல் கட்டைவிரலை வைத்து லேசாகத் தடவினாள். அன்றைக்கு ராத்திரிதான் மற்றதைச் சொன்னாள். வீடியோவைப் பார்த்த நிமிஷமே போர்வையில் இருந்த பேரைத் தேடி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டிருக்கிறாள். என்ன வியாதி என்று அவர்கள் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. மயக்க மருந்து டாக்டரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறாள்: "எங்க அம்மா பயந்தா வெளிய காட்டிக்க மாட்டாங்க. நீங்க மட்டும் கையைப் புடிச்சுக்குங்க."

ஒன்பது நாள் இருந்தாள். எட்டாம் நாள் பரிசோதனை முடிவு வந்தது; உள்ளே எதுவும் ஒளிந்திருக்கவில்லை. அவள்தான் படித்துச் சொன்னாள், இரண்டு தடவை. கரும்பு கொஞ்சம் சக்கையாகத்தான் இருந்தது. குறை சொல்லாமல் தின்றாள்.

இப்போது உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். முப்பத்திரண்டு வருடம் பஞ்சு எண்ணியவள் நான். ஒரு சின்னத் துண்டு குறைந்தால்கூட ஆபரேஷனை நிறுத்திவைத்துத் தேடியவள். என் கையிலிருந்த ஊசியும், நானே மேலே வரும்படி மடித்த ஓரத்தில் இருந்த எழுத்தும் என் கண்ணில் படவில்லை என்றால் யார் நம்புவார்கள்? நித்யா நம்பவில்லை. எனக்கும் சத்தியம் செய்யத் தைரியமில்லை.

அவள் கிளம்புகிற அன்று, சென்னைக்குப் போகிற காரில் பெட்டியை வைத்தாயிற்று. வீட்டுக்காரர் டிரைவரிடம் வழி சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கார்க் கதவைச் சாத்தப் போனாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"தைக்கு வாடி" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப இங்க மாநாடு இல்லையேம்மா."

"கரும்பு இருக்கும்" என்றேன்.